‘அடக்குகிற ஊசி’ கேட்டு வருபவர்களுக்கு

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் கால்நடை வைத்தியம் பார்க்கிற எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: “சாரே, ஒரு ஊசி போட்டு இவனை அடக்கிப் போட முடியாதா?” ‘இவன்’ சில நாள் நாய், சில நாள் கிடா, சில நாள் சேவல். மூளையில் ஏதோ ஒன்று கூடிப்போனதால்தான் இந்தத் திமிர், அதைக் குறைத்தால் பெட்டிப்பாம்பாகிவிடும் என்பது கேட்பவர் கணக்கு. அதில் பாதி சரி.

மூளையில் சுரக்கும் செரோட்டோனின் என்ற ரசாயனத்துக்கும் கூட்டத்தில் ஒரு பிராணிக்கு இருக்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டு. ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளை அடைப்பில் வைத்துச் செய்த ஆய்வு 1991இல் வெளியானது. தலைவனாக இருந்த ஆணைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, மீதி இருந்த இரண்டு ஆண்களில் ஒன்றுக்குச் செரோட்டோனினைக் கூட்டும் மருந்து கொடுத்தார்கள். அதுவே தலைவனானது. குறைக்கும் மருந்து கொடுத்தபோது மற்றது தலைவனானது. இதோடு நிறுத்தினால் ஊசி கேட்பவர் சொல்வது சரி என்று தோன்றும். ஆனால் மருந்து வாங்கிய குரங்கு கடித்துக் குதறி மேலே வரவில்லை. பெண் குரங்குகளோடு ஒட்டி உட்கார்ந்தது, அவற்றுக்குப் பேன் பார்த்தது, சண்டை வந்தபோது அவை இதன் பக்கம் நின்றன. செரோட்டோனின் கூடியதால் வந்தது நிதானம். நம் ஆட்கள் திமிர் என்று சொல்வது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான நிலையைத்தான்.

இன்னொன்றையும் அதே ஆய்வாளர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். தலைவன் குரங்கின் ரத்தத்தில் செரோட்டோனின் மற்ற ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பதவி போனதும் அளவும் இறங்கிவிட்டது. புதிதாகத் தலைவனானதற்கு ஏறியது. அதாவது ரசாயனம் இடத்தைத் தருகிறது, இடமும் ரசாயனத்தை மாற்றுகிறது.

நம் கடலோரத்தில் பிடிபடும் சிங்கி இறாலுக்கு நன்னீரில் கிரேஃபிஷ் என்று ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு, பெரிய கொடுக்கோடு. (நம்மூர்ச் சிங்கிக்கு அந்தக் கொடுக்கு கிடையாது.) அதை வைத்து 1996இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஆபத்தில் வாலை அடித்துத் தப்பிப் பாயச் செய்கிற நரம்பணுவின் மேல் செரோட்டோனின் படச் செய்தார்கள். சண்டையில் ஜெயித்து மேலே இருந்ததில், தூண்டினால் நரம்பு கொடுக்கும் பதில் கூடியது, தோற்றுக் கீழே இருந்ததில் அடங்கியது. ஒரே சரக்கு, ஒரே நரம்பு, விளைவு மட்டும் தலைகீழ். எனவே மருந்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் பயனில்லை.

கோழிகளுக்கு ஊசியே வேண்டாம். அவற்றுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பெ 1921 வாக்கிலேயே எழுதிவிட்டார். வரிசை அமைந்துவிட்டால் சண்டை குறையும், ஒரு பார்வையே போதும். சந்தையில் வாங்கிய பெட்டையைப் பட்டப்பகலில் நடுக்கூட்டத்தில் விட்டால் வரிசை கலைந்து ரத்தக்களறிதான். முதலில் தனியாக அடைத்துவைத்து நோய் ஏதும் இல்லை என்று பாருங்கள். பிறகு சில நாள் வலைக்கு அப்பால் வைத்துப் பழக்கி, இருட்டியதும் கூட்டில் விடுங்கள். தீனித் தட்டை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வைத்தால் கீழ்வரிசைக் கோழிக்கும் வயிறு நிறையும். ஆட்டுக்கும் இதே வழிதான்: தொட்டியின் நீளம் போதவில்லையென்றால் முட்டல் நிற்காது.

நாய் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். ஓநாய்க் கூட்டத்தில் ‘ஆல்ஃபா’ ஒன்று மற்றவற்றை மிதித்து ஆள்கிறது, அதனால் வீட்டில் நீங்கள் ஆல்ஃபாவாக இருக்க வேண்டும் என்று வீடியோ போடுகிறார்கள். அந்தக் கதை, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டுப் பார்த்ததில் பிறந்தது. காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதினார். ‘ஆல்ஃபா’ என்ற சொல்லைப் பரப்பியதில் அவருக்கும் பங்குண்டு, அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டவரும் அவரே. இங்கே இன்னும் நாயை மல்லாத்தி அமுக்குகிறார்கள், கழுத்தைப் பிடித்து உலுக்குகிறார்கள். பயத்தில் உறுமுகிற நாயை அமுக்கினால் அதன் பயம் ஏறும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

விதை எடுத்தால் அடங்குமா என்றும் கேட்பார்கள். ஊர் சுற்றுவது, சிறுநீர் தெளிப்பது, மேலே ஏறுவது குறையும். பயத்தில் கடிக்கும் நாய் அதனால் மாறும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

செரோட்டோனினைக் கூட்டும் ஃப்ளூவோக்செட்டின் என்ற மருந்து நாய் வைத்தியத்திலும் இருக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், கூடவே பழக்கமும் கொடுக்க வேண்டும். மனிதருக்கு எழுதிய மாத்திரையை மெடிக்கலில் வாங்கிச் சோற்றில் பிசைந்து கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நேற்றுவரை சாதுவாக இருந்த மிருகம் இன்று சீறினால் அதைத் திமிர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். காதில் சீழ், பல் வலி, இடுப்பு வலி என்று ஏதாவது இருக்கலாம். எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குரைப்பின் குரலும் மாறியிருந்தால் வெறிநோயாக இருக்கலாம். கிட்டே போகாமல், முடிந்தால் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடி பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.