பாடத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது

கொரோனா ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா என்னை போனில் அழைத்தார். "டீச்சர், உங்க கணக்குல என் பையன் தினமும் வகுப்புக்கு வந்துட்டுத்தானே இருக்கான்?" என்று கேட்டார். வருகைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "காலையில வகுப்புல சேர்ந்துட்டு, போனைத் தலையணைக்கு அடியில வெச்சுட்டுத் தூங்கிடறான். ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்கான். என்கிட்ட பேசறதே இல்ல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

அந்த வகுப்பில் மொத்தம் 42 பேர். அன்றைக்கு 40 பேர் வந்திருப்பதாகப் பட்டியல் சொன்னது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முந்தின நாள்தான் ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரையும் பாராட்டியிருந்தேன். அந்த அம்மா போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மூன்று வாரமாக எத்தனை போன்கள் இணைப்பில் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் உலகின் பெரும்பாலான நாடுகளில் பள்ளிகள் மூடப்பட்டன. யுனெஸ்கோ கணக்கின்படி 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் போன்ற தலைமையாசிரியர்களுக்கு அப்போது வந்த முதல் கவலை பாடத்திட்டம். எந்தச் செயலியில் வகுப்பு எடுப்பது, எத்தனை பீரியட் வைப்பது, தேர்வை என்ன செய்வது? இதெல்லாம் தேவையான கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் கால அட்டவணையில் எழுதாத வேலைகளையும் பள்ளிக்கூடம் செய்துகொண்டிருந்தது. பிள்ளையை ஒரு நேரத்துக்கு எழுப்பியது, குளிக்க வைத்தது, நடக்க வைத்தது, நண்பன் பக்கத்தில் உட்கார வைத்தது. முகம் வாடியிருந்தால், "என்னடா, ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்க அங்கே ஒருவர் இருந்தார். கதவைப் பூட்டியபோது இதுவும் சேர்ந்தே நின்றுபோனது. பாடத்தை எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்த நாங்கள், இதை எப்படி அனுப்புவது என்று யோசிக்கவே இல்லை.

முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற பல தொல்லைகள் அதிலிருந்துதான் கிளம்பின. பதின்பருவத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு இயல்பாகவே தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. அந்த வயதுப் பிள்ளைகள் நேரம் கழித்துத் தூங்க விரும்புவது முழுக்கச் சோம்பல் இல்லை, உடம்பின் போக்கும் அப்படித்தான். பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய கட்டாயம் இருந்தவரை அது ஓரளவு கட்டுக்குள் இருந்தது. அந்தக் கட்டாயம் போனதும் நாளுக்குக் கொஞ்சமாக நழுவி, மூன்றே வாரத்தில் இரவும் பகலும் இடம் மாறிவிட்டன. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், 6 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் துண்டு துண்டாகத் தூங்குவது அதற்கு ஈடாகாது. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு எரிச்சல் வரும், பசி நேரம் மாறும், காரணமில்லாமல் அழுகை வரும். வீட்டில் இருப்பவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துவிடுவார்கள்.

"சீக்கிரம் தூங்கு" என்று சொல்லிப் பயனில்லை. தூங்கும் நேரத்தை நம்மால் பிடித்து வைக்க முடியாது, எழும் நேரத்தை முடியும். அதனால் முதல் பீரியடை எடுத்துவிட்டு, எட்டரை மணிக்குப் பத்து நிமிடம் வேறொன்றை வைத்தோம். ஜன்னலோரமோ வாசலோ மாடியோ, வெளிச்சம் படுகிற இடத்தில் நிற்க வேண்டும். கேமராவைத் தன் முகத்துக்குக் காட்ட வேண்டாம், வெளிப்பக்கம் திருப்பினால் போதும். அங்கே என்ன தெரிகிறது என்று ஒரு வரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஏதோ விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் கணக்கிடுவார்கள். வீட்டுக்குள் விளக்கு எரிந்தாலும் அது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே அது பல ஆயிரம் லக்ஸ். காலையில் கண்ணில் படும் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. முதல் நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள், பேசியவர்கள் அதிலும் குறைவு. நான்காவது நாள் ஒரு சிறுமி எதிர்வீட்டுச் சுவரில் போகும் எறும்பு வரிசையைக் காட்டினாள். போனைக் கிட்டே கொண்டுபோனதும் படம் மங்கியது, பின்னால் இழுத்தாள், மறுபடியும் தெளிந்தது. ஒவ்வொரு எறும்பும் எதிரே வருவதைத் தொட்டுவிட்டுப் போவதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒரு பையன், "அதுங்க மட்டும் தொட்டுக்கலாமா மிஸ்?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கேமரா விஷயத்தில் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். வகுப்பு முழுக்க எல்லோரும் கேமராவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று முதல் வாரமே விதி போட்டது நான்தான். ஒரு மாணவி மட்டும் திறக்கவே மாட்டாள். வகுப்பாசிரியை இரண்டு முறை கண்டித்தார், மூன்றாவது முறை என்னிடம் வந்தார். நானே அந்தப் பெண்ணுடன் பேசினேன். "வீடு ஒரே ரூம் மிஸ். பின்னாடி அப்பா படுத்திருப்பார். வேலை போனதிலிருந்து எழுந்திருக்கவே மாட்டேங்கறார். எல்லாரும் பார்ப்பாங்க" என்றாள். அன்று மாலையே அந்த விதியை எடுத்துவிட்டேன். ஒரு வீட்டின் உள்பக்கத்தை நாற்பது பேருக்குத் திறந்து காட்டச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேமரா முன்னால் நாள் முழுக்க இருப்பது ஏன் இப்படிக் களைப்பாக்குகிறது என்பதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். மிக அருகில் இத்தனை கண்கள் நம்மையே பார்ப்பது போன்ற உணர்வு, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஓரிடத்தில் அடைந்து கிடப்பது, தலையாட்டுவது முதல் எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்து காட்ட வேண்டியிருப்பது என்று நான்கு காரணங்கள் சொன்னார். படித்தபோது என் ஆசிரியர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. திரையில் தன் முகம் தனக்குத் தெரியாதபடி மறைத்துக்கொள்ளப் பெரும்பாலான செயலிகளில் வழி உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்ததே பலருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

திரைக்கே வராதவர்கள் கதை வேறு. 2020 ஆகஸ்டில் யுனிசெஃப் வெளியிட்ட கணக்கில், பள்ளி மூடியபோது தொலைவழிக் கல்வி எட்டாத பிள்ளைகள் குறைந்தது 46.3 கோடிப் பேர் என்று இருந்தது, அதாவது பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர். என் பட்டியலில் விடுபட்ட இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான். இதற்குப் புது வித்தை எதுவும் தேவைப்படவில்லை. 1937-இல் போலியோ பரவியபோது சிகாகோவில் பள்ளிகளை மூடிவிட்டு வானொலியில் பாடம் நடத்தினார்கள். பெற்றோர் சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் வைத்திருந்தார்கள். வானொலியைவிட அந்தத் தொலைபேசிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சாதாரண பட்டன் போனில்கூட ஒருவர் குரலை ஒருவர் கேட்க முடியுமே.

சரி என்று பள்ளி முழுவதையும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு குழுவைக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையுடனும் தனியாகப் பேச வேண்டும். போன் இல்லாத வீடு என்றால் பக்கத்து வீட்டு எண்ணை வாங்கியாவது பேச வேண்டும். வீட்டுப்பாடம் பற்றி முதலில் கேட்கக் கூடாது. சாப்பிட்டியா, நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே, இன்னிக்கு யாரோட சிரிச்சுப் பேசினே என்று மூன்றே கேள்விகள். மூன்றாவது கேள்விக்குத்தான் பலரும் தடுமாறினார்கள். "யார்கூடயும் இல்ல மிஸ்" என்று பதில் வந்த இடங்களில் நாங்கள் மறுநாளே திரும்ப அழைத்தோம்.

இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். போனில் பேசும் பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே அடி, மிரட்டல், இன்னும் மோசமானவை நடக்கும் இடங்கள் உண்டு. ஊரடங்கில் குடும்ப வன்முறை உலகெங்கும் கூடிவிட்டது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் 2020 ஏப்ரலிலேயே எச்சரித்தார். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று நேராகக் கேட்டால், பக்கத்தில் நிற்பவருக்காக "இல்லை" என்ற பதில்தான் வரும். அதனால், பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் புரியாதபடி ஆமாம், இல்லை என்று மட்டும் பிள்ளை பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். "இப்போ பேச வசதியா இருக்கா? வேற நேரம் கூப்பிடட்டுமா?" என்பது அதில் முதல் கேள்வி. பிள்ளை தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து என்று தெரிந்த பிறகு ஆசிரியர் தனியாகச் சமாளிக்க முயலக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

அதேபோல, இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பிள்ளை முன்பு பிடித்த எதிலும் ஆர்வமில்லாமல், சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் ஒட்டாமல் இருந்தால் மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போவது நல்லது. "நான் இல்லாமலே போயிருக்கலாம்" என்பது போல ஏதாவது சொன்னால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளையைத் தனியாக விடாமல் உதவி தேட வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டால் புது எண்ணத்தை மனதில் போட்டுவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்கும்போதுதான் பிள்ளைக்கு மூச்சே வருகிறது.

துக்கமும் வந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் பாட்டி தொற்றில் போய்விட்டார். கடைசியாக முகம் பார்க்கக்கூட விடவில்லை. அவன் தம்பிக்கு ஐந்து வயது, அவனிடம் வீட்டில் "பாட்டி தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவிலிருந்து அந்தக் குழந்தை தூங்கப் பயந்தது. சின்னக் குழந்தைகளிடம் "இறந்துட்டாங்க, இனிமே வர மாட்டாங்க" என்று நேரான சொல்லில்தான் சொல்ல வேண்டும். கேட்கக் கடுமையாக இருந்தாலும் குழந்தையின் பயத்தைக் குறைப்பது அதுதான். மூத்தவன் அடுத்த வாரம் காலை வெளிச்சத்துக்கு வந்தபோது, கேமராவைத் திருப்பிப் பாட்டி உட்காரும் நாற்காலியைக் காட்டினான். ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அவன் வகுப்பாசிரியர் உடனே அடுத்தவனைக் கூப்பிடாமல் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பயிற்சியிலும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

ஆசிரியர்களைப் பற்றி எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒருநாள் இரவு 10.40-க்கு மறுநாள் அட்டவணையைக் குழுவில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் ஓர் ஆசிரியையிடமிருந்து "சரி மேடம்" என்று பதில் வந்தது. மறுநாள் காணொளிக் கூட்டத்தில் அவர் ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே பேசினார், கண்ணுக்குக் கீழே கருப்பு. பிள்ளைகளுக்குத் தூக்கம் வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நானே அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் என்னிடமிருந்து எந்தச் செய்தியும் போகாது என்று அறிவித்தேன். இரவில் எனக்கு ஏதாவது தோன்றினால் நோட்டில் எழுதி வைத்துக் காலையில் அனுப்பினேன். பெற்றோர்களுக்கும் அதே நேரத்தைச் சொன்னோம். முதலில் சிலர் கோபித்துக்கொண்டார்கள், பிறகு பழகிவிட்டது. எனக்கும் அதன் பிறகுதான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாகச் சொன்னது. இளைஞர்களும் பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. அதற்குள் பள்ளிகள் திறந்துவிட்டன. விட்ட பாடத்தைப் பிடிப்பதைப் பற்றித்தான் எங்கும் பேச்சாக இருந்தது. எங்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பாடப்புத்தகத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் வளர்ந்துவிட்ட பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளவே நேரம் தேவைப்பட்டது.

வெள்ளமோ வெயிலோ இன்னொரு நோயோ, பள்ளி மறுபடியும் நீண்ட நாள் மூடப்படலாம். அப்போது தலைமையாசிரியராக இருக்கப்போகிறவர் முதல் நாளே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செயலியைத் தேர்வு செய்வதற்கு முன்னால், எந்தப் பிள்ளையை எந்த ஆசிரியர் அழைப்பார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். எங்களிடம் அந்தத் தாள் இல்லாததால் மூன்று வாரம் போயிற்று.

தலையணைக்கு அடியில் போனை வைத்த பையனுக்கு ஆசிரியரின் வாராந்திர அழைப்பு மட்டும் போதவில்லை, ஆலோசகரும் தேவைப்பட்டார். எழும் நேரம் சரியாக இரண்டு மாதம் ஆயிற்று. அவன் அம்மா நடுவில் ஒருமுறை அழைத்து, "இன்னிக்கு என்கிட்ட சண்டை போட்டான் டீச்சர்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

இப்போதும் எங்கள் வருகைப் பதிவேட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. பள்ளிக்கு வந்தும் நாள் முழுக்க யாருடனும் பேசாத பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வகுப்பாசிரியர் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். தொடர்ந்து மூன்று புள்ளி விழுந்தால் அந்தப் பெயர் அன்றே என் மேசைக்கு வந்துவிடும். போன வாரம் இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டு வீட்டுக்கும் பேசிவிட்டேன்.