செக்கின் அடியில் ஓடும் எண்கள்

ஒரு செக்கை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளைப் பட்டையில் கட்டை கட்டையாக ஒரு வரி எண்கள் இருக்கும். முதல் 6 இலக்கம் செக் எண். அடுத்த 9 இலக்கத்தில் முதல் மூன்று ஊரையும், நடு மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். சென்னை என்றால் 600, மதுரை என்றால் 625. ஆமாம், பின்கோடின் முதல் மூன்று எண்களேதான்.

அந்த மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. செக் இயந்திரத்துக்குள் ஓடும்போது முதலில் மைக்குக் காந்தம் ஏற்றுகிறார்கள். அப்புறம் அது படிக்கும் முனையைக் கடக்கிறது. எண்ணின் எந்தப் பக்கம் தடிமன், எந்தப் பக்கம் மெல்லிசு என்பதைப் பொறுத்து மின் அலை ஏறி இறங்கும். 0-க்கு ஓர் அலை, 7-க்கு வேறோர் அலை. ஒன்று இன்னொன்றோடு குழம்பக் கூடாது என்றுதான் எண்களுக்கு அந்த விநோத வடிவம். மேலே ரப்பர் ஸ்டாம்ப் அப்பியிருந்தாலும் பெரும்பாலும் படித்துவிடும், ஸ்டாம்ப் மையில் காந்தம் இல்லையே!

முன்பெல்லாம் செக்குகள் கட்டுக்கட்டாக, வங்கிகள் அவற்றை மாற்றிக்கொள்ளும் இடமான கிளியரிங் ஹவுஸுக்குப் போகும். 2008-ல் டெல்லியிலும் 2011-ல் சென்னையிலும் சி.டி.எஸ். (செக் ட்ரங்கேஷன் சிஸ்டம்) முறை வந்தது. இப்போது தாள் நாம் போட்ட வங்கியோடு நின்றுவிடுகிறது, அதன் படம்தான் பயணம் செய்கிறது. 2025 அக்டோபர் 4 முதல், பகலில் வரும் செக்குகளின் படங்கள் உடனுக்குடன் போகின்றன. பணம் தரவேண்டிய வங்கி இரவு 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

சரி, யூபிஐ-யில் நொடியில் முடிவதற்கு இங்கே ஏன் இத்தனை மணி நேரம்? செக் பணம் அல்ல, நம் வங்கிக்கு நாம் எழுதும் கடிதம். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் பணம் வாங்குபவர். யூபிஐ-யில் நாமே நம் வங்கியிடம் சொல்கிறோம், இருப்பைப் பார்த்த பிறகே பணம் நகர்கிறது. செக்கில் கையெழுத்து முதலில், இருப்பைப் பார்ப்பது பிறகு. செக் பவுன்ஸ் ஆவது அந்த இடைவெளியில்தான். அதனால்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆக்ட்) 138-வது பிரிவு இவ்வளவு கடுமை: நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால் வழக்கு, 2 ஆண்டு வரை சிறை அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டும் இப்போது 24 மணி நேரமும் ஓடுகின்றன. ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் குறைந்தது 2 லட்சம் அனுப்ப வேண்டும். வேகத்துக்கு அவைதான். ஆனால் அங்கே பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே போகிறது. ஒரு இலக்கம் மாறினால் யாரோ ஒருவர் கணக்கில் விழலாம். செக்கில் பெயரும் ஒத்துப்போக வேண்டும். பெரிய தொகைக்கு இன்னமும் செக்கையே நான் விரும்புவது இதற்காகத்தான்.

அப்படி எழுதும்போது இடது மூலையில் இரண்டு கோடு போட்டு ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதுங்கள். வழியில் தொலைந்து வேறு யார் கையில் கிடைத்தாலும் கவுண்டரில் ரொக்கமாக மாற்ற முடியாது. பெயருக்கு உரியவரின் கணக்குக்கு மட்டுமே அந்தப் பணம் போகும்.