கதிரின் அதிர்வும் கணினியின் கவனமும்

மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் நூலை முறுக்கும் ரிங் பிரேம் எந்திரத்தின் கதிர் ஒன்று நிமிடத்துக்கு 18,000 சுற்று, அதாவது நொடிக்கு 300 சுற்று வேகத்தில் ஓடக்கூடும். பேரிங் தேய்வதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் அனுபவசாலிகள் உண்டு. அதைக் கணினி அறிய வேண்டுமானால், அதிர்வு உணரியின் மின்னழுத்தத்தை டேட்டா அக்விசிஷன் கார்டு எண்ணாக மாற்றித் தர, அந்த எண்ணை நினைவகத்தில் கொண்டுசேர்க்கும் பொறுப்பை டிரைவர் மென்பொருள் ஏற்க வேண்டும்.

நான்கு உணரிகளிலிருந்து தலா நொடிக்கு 50,000 அளவீடுகள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் அளவீட்டுக்கு 2 பைட் எடுக்கும் 16 பிட் கார்டில் இது நொடிக்கு 4,00,000 பைட். இன்றைய கணினிக்கு அற்பம். ஆனால் 5 மைக்ரோநொடிக்கு ஓர் எண் வீதம் வந்துகொண்டே இருக்கும்; கணினி வேறு வேலையாக இருக்கிறது என்று கதிர் நிற்காது.

எளிய முறை போலிங். 'அளவீடு தயாரா?' என்று கார்டின் நிலைப் பதிவேட்டை டிரைவர் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இடையில் இயங்குதளம் 10 மில்லிநொடி வேறொரு நிரலைக் கவனிக்கப் போனால், 2,000 அளவீடுகள் வந்து போயிருக்கும். உலையின் வெப்பத்தை நொடிக்கு ஒருமுறை பார்ப்பவருக்கோ இதுவே போதும். அவருக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்டரப்ட் முறையில் கார்டே கணினியை அழைக்கும். செயலி கைவேலையை நிறுத்தி, அதன் நிலையைக் குறித்துவைத்து, எண்ணை வாங்கிவிட்டுத் திரும்புவதற்கே சில மைக்ரோநொடிகள் ஆகும் என்பதால், ஒவ்வோர் எண்ணுக்கும் அழைத்தால் வேறு வேலையே நடக்காது. எனவே கார்டில் ஃபிஃபோ என்னும் சிறு வரிசை நினைவகம் வைக்கப்படுகிறது. 1,024 எண்கள் கொள்ளும் ஃபிஃபோ பாதி நிரம்பியதும் அழைத்தால், 2.56 மில்லிநொடிக்கு ஒரு அழைப்பு போதும். மீதிப் பாதி நிரம்புவதற்குள் செயலி வந்துவிட வேண்டும், தவறினால் ஃபிஃபோ வழிந்து 'ஓவர்ரன்' பிழை வரும்.

டி.எம்.ஏ. (நேரடி நினைவக அணுகல்) முறையில் எண்களைச் சுமக்கும் வேலையே செயலிக்கு இல்லை. எந்த முகவரியில், எவ்வளவு எழுத வேண்டும் என்று டிரைவர் முன்கூட்டியே சொல்லிவிட, கார்டு தானே நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். தெருக்குழாயடியில் ஒரு குடம் நிறையும்போது மற்றதை வீட்டில் ஊற்றிவிட்டு வருவது போல, பஃபர் எனப்படும் தற்காலிக நினைவகப் பகுதியின் ஒரு பாதி நிறையும்போது நிரல் மறுபாதியைப் படிக்கும். இதில் டிரைவருக்கு ஒரு நுணுக்கமான வேலை உண்டு. நிரலுக்கு ஒரே தொடராகத் தெரியும் இரண்டு நொடிப் பஃபர், உண்மையில் 4,096 பைட் பக்கங்களாக ஏறத்தாழ 200 இடங்களில் சிதறிக் கிடக்கலாம். அந்தப் பக்கங்களை இயங்குதளம் இடம் மாற்றாதபடி பூட்டி, அவற்றின் உண்மை முகவரிகளைப் பட்டியலிட்டுக் கார்டிடம் கொடுத்தாக வேண்டும். பூட்டத் தவறினால் கார்டு வேறு நிரலின் நினைவகத்தில் எழுதிவிடக்கூடும்.

இதற்கு விலை தாமதம். ஒரு நொடி அளவுள்ள பாதி நிறைந்த பிறகே நிரல் பார்க்கும் என்றால், பேரிங் சிக்கிய செய்தியும் ஒரு நொடி கழித்தே தெரியவரும். யூ.எஸ்.பி. கார்டுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு: கணினி கேட்காமல் கருவி பேச அங்கே அனுமதி இல்லை. யூ.எஸ்.பி. 2.0 தரத்தில் 'இன்டரப்ட்' என்று பெயர் பெற்ற பரிமாற்றமும் 125 மைக்ரோநொடி மடங்குகளில் கணினி கேட்டுப் பெறுவதே. அதிர்வைப் பதிவு செய்ய அது தாராளமாகப் போதும். எந்திரத்தை உடனே நிறுத்தும் பொறுப்பை மட்டும் அதனிடம் விட நான் தயங்குவேன்.