ஹோம் ஸ்டேஜிங்: தமிழில் பார்வையமைப்பு

விற்கப்போகிற வீட்டில் சாமான்களைக் குறைத்து, இடம் மாற்றி, வெளிச்சம் வரவழைத்து, பார்க்க வருகிறவர் "இங்கே நாம் குடியிருக்கலாம்" என்று நினைக்கும்படி ஆயத்தம் செய்வதற்கு ஹோம் ஸ்டேஜிங் என்று பெயர். விற்பனை மந்தமாக இருக்கும்போதுதான் இந்தச் சொல் அதிகம் காதில் விழுகிறது. வாங்க ஆள் காத்துக் கிடக்கிற காலத்தில் வீடு எப்படிக் கிடந்தாலும் போய்விடும். ஒரே தெருவில் நாலு வீடு விலைக்கு நிற்க, மாதத்துக்கு ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்போது நிலைமை வேறு.

ஸ்டேஜ் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதன் வழியில் பழைய பிரெஞ்சில் உருவான சொல்லுக்குத் தங்குமிடம், வீட்டின் மாடி என்று பொருள். இன்றும் பிரெஞ்சில் 'எத்தாஜ்' என்றால் மாடிதான். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அது தளமாகி, மேடையாகி, நாடக மேடையாகிவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பிப்போன சொல் நாடகக் கொட்டகையைச் சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. வீட்டு விற்பனையில் இதை ஒரு தொழிலாக ஆக்கியவர் என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பார்ப் ஷ்வார்ட்ஸைச் சொல்வார்கள். அவர் தொடங்கியது 1972இல்.

ஸ்டேஜ் என்றதும் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது அரங்கு. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் திட்டுக்கும் அரங்கம் என்றே பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற திருவரங்கம் அப்படிப் பெயர் பெற்ற ஊர்தான். திருநெல்வேலிப் பக்கம் வீட்டின் உள்ளறையை அரங்கு என்பார்கள். ஆக, ஆடுமிடம், ஆற்றுத்திட்டு, வீட்டு அறை மூன்றுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது.

காவிரி கடலில் கலக்கும் புகாரில் மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்கிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. இந்த அளவுகளைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே இடத்தில் வரும் விளக்குச் செய்திதான். தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை நிறுத்த வேண்டுமாம். வீட்டை விற்பனைக்கு ஆயத்தம் செய்கிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுதான். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பெரியம்மா வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீளமாக ஓடும் பழைய வீடு. பெரியம்மா மகனிடம் போய்ச் சேர்ந்ததும் விலைக்குச் சொல்லிவைத்தோம். ஒன்றரை வருஷம் நகரவில்லை. வந்தவர்கள் கூடம்வரை வருவார்கள், மேலே பார்ப்பார்கள், "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். விலையைக் குறைக்கலாமா என்று பேச்சு வந்தபோதுதான் உள்ளூர்த் தரகர் ஒருநாள் சொன்னார்: "அண்ணே, வெலைய அப்புறம் பாப்போம். மொதல்ல முத்தத்துல கட்டியிருக்குற தார்ப்பாயை எடுங்க. வூடே இருண்டு கெடக்கு. கொஞ்சம் பார்வையா வைங்க."

சாரல் அடிக்கிறது என்று என்றைக்கோ கட்டிய நீலத் தார்ப்பாய் அது. அவிழ்த்ததும் கூடத்தின் நாலு தேக்குத் தூண்களும் அடி முதல் போதிகை வரை தெரிந்தன. சுவரை அடைத்துக்கொண்டிருந்த பத்தாயத்தை ஐந்து பேர் சேர்ந்து இரண்டாங்கட்டுக்குத் தள்ளினோம். அது நின்ற இடத்தில் மட்டும் காவித்தரை நேற்றுப் போட்டதுபோலச் சிவந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு மற்ற இடத்தையும் தேய்த்ததில் ஓரளவு அந்த நிறத்துக்கு வந்தது. காலண்டர்களைக் கழற்றினோம். மாலை போட்ட படங்களை மகன் வீட்டுக்கு அனுப்பினோம். புதிதாக வாங்கியது ஒரு பித்தளைக் குண்டான்கூடக் கிடையாது. அடுத்த மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு வந்த பார்ட்டி முற்றத்து ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு வீடு அவர்களுக்கே போனது.

சரி, இந்த வேலைக்கு எந்தச் சொல் பொருந்தும்? வீட்டு அலங்காரம் என்று எழுதுகிறார்கள். அது தோரணம், பூச்சாடி என்று கூட்டுகிற வேலையை நினைவுபடுத்துகிறது. இங்கே நடப்பதில் முக்கால்வாசி குறைப்பது. மேடையேற்றம் நாடகத்துக்கே இருக்கட்டும். வீட்டு அரங்கமைப்பு பொருளில் சரியானது, ஆனால் கேட்டவுடன் கல்யாண மண்டபமும் பந்தலும்தான் மனதில் வரும்.

ஒப்பனை என்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஒப்பனை முகத்தை வேறு முகமாக்குகிறது. டெல்டா மண்ணில் சுவரில் ஓதம் ஏறுவது சாதாரணம். அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைத்து விற்றால், ஐப்பசி மழையில் வாங்கியவர் தலையில் விடியும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில், வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது. ஓதத்தை மறைப்பதற்கும் தார்ப்பாயை அவிழ்ப்பதற்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

தரகர் வாயிலேயே சொல் இருந்தது. ஒரு பொருள் கண்ணுக்கு நிறைவாக இருந்தால் "பார்வையா இருக்கு" என்கிறோம். பொருட்காட்சியில் பார்வைக்கு வைக்கிறோம். அதையொட்டி, செய்கிற வேலையைப் பார்வையமைப்பு என்றும், தொழிலாகச் செய்கிறவரைப் பார்வையமைப்பாளர் என்றும் சொல்லலாம். "வீட்டைப் பார்வைக்கு அமைத்துவிட்டோம், வந்து பாருங்கள்" என்று விளம்பரத்தில் எழுதினாலும் உறுத்தாது. பேச்சில் "பார்வையா வைங்க" போதும்.

ஒரு விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்குகிற பேச்சை நம் பக்கம் தொடங்க மாட்டார்கள். தை பிறந்ததும் பார்ட்டி வரத் தொடங்கும். பார்வையமைப்பை மார்கழியிலேயே முடித்துவிடுங்கள். சம்பா நெல் வந்து பத்தாயத்தில் இறங்கிவிட்டால் ஐந்து பேர் சேர்ந்தாலும் அது நகராது.