ரீபூட் ஆன சர்வர் ஏன் திரும்பி வருவதில்லை?

மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓஎஸ் அப்கிரேடு சொதப்பினால், பென் டிரைவைச் செருகிச் சரிசெய்யலாம். தரமணியில் உட்கார்ந்து பிராங்பர்ட்டில் உள்ள சர்வரின் ஓஎஸ்ஸை மாற்றுபவருக்கு, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு ஒன்றுதான் வழக்கமான வழி. அந்த எஸ்எஸ்ஹெச்சையும், நெட்வொர்க் அமைப்பையும், ஓஎஸ்ஸின் மையமான கெர்னலையும்தான் அப்கிரேடு மாற்றுகிறது. சிக்கலின் வேர் இதுதான்.

முதலில் இணைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்கிரேடு ஓடும்போது இணைப்பு அறுந்தால், அந்த டெர்மினலில் ஓடும் புரோகிராம்களுக்குக் கெர்னல் 'ஹேங்கப்' சிக்னல் அனுப்பி, பெரும்பாலும் அவற்றை நிறுத்திவிடும். மென்பொருள் பேக்கேஜ்கள் பாதி புதிது, பாதி பழையது என்று நின்றுவிடலாம். இணைப்பு போனாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் என்ற கருவிக்குள் ஓடவிட்டால் வேலை சர்வரிலேயே தொடரும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் அப்கிரேடு கருவி 1022-ஆம் போர்ட்டில், அதாவது வேறொரு இணைப்பு வாசலில், உபரியாக ஒரு எஸ்எஸ்ஹெச்சைத் திறந்துவைக்கும். ஆனால் வெளியே உள்ள ஃபயர்வாலில் அந்தப் போர்ட் மூடியிருந்தால் பயனில்லை.

உண்மையான ஆபத்து ரீபூட்டில்தான். அதுவரை நினைவகத்தில் பழைய கெர்னலே ஓடுவதால் எல்லாம் நன்றாகவே தெரியும். இப்போது இல்லாத ஒரு டிஸ்க்கின் பெயர் எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் மிச்சமிருந்தால், சர்வரைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அவசர நிலைக்குப் போய், யாருமே இல்லாத கீபோர்டில் பாஸ்வேர்டுக்காகக் காத்திருக்கும். இன்னொன்று, நெட்வொர்க் கார்டின் பெயர். கான்ஃபிகில் ஈத்0 என்று எழுதியிருக்க, புதிய ஓஎஸ் அதே கார்டை ஈஎன்எஸ்3 என்று அழைத்தால் ஐபி முகவரியே அமையாது. சர்வர் நலமாக ஓடிக்கொண்டிருக்கும், நமக்கு மட்டும் செத்ததுபோல் தெரியும். என் பார்வையில் இதுதான் ஆகக் கொடுமை.

அதனால் ஓஎஸ்ஸைச் சாராத இன்னொரு வாசல் வேண்டும். கிளவுடில், சர்வரின் நெட்வொர்க் இல்லாமலே உள்ளே நுழைய விடும் சீரியல் கன்சோல். சொந்த வன்பொருளில் தனிச் சிப்பில் இயங்கும் ஐபிஎம்ஐ என்ற தொலைக் கட்டுப்பாட்டு வசதி. இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் கீ கோப்பை வைத்தே நுழைந்து பழகியவர்களுக்கு, கன்சோல் கேட்கும் பாஸ்வேர்டு பெரும்பாலும் நினைவிருக்காது.

டிஸ்க்கின் அந்த நேர நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டும் அவசியம். ஆனால் அதற்குப் பிறகு டேட்டாபேஸில் எழுதியவை, அந்த நிலைக்குப் பின்னோக்கிப் போகும்போது அழிந்துவிடும். ஆகவே முதலில் அப்ளிகேஷனை நிறுத்துங்கள், அப்புறம் ஸ்னாப்ஷாட் எடுங்கள்.

பயந்து தள்ளிப்போடவும் முடியாது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸுக்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களும் அத்தோடு நின்றன. முடிந்தால் இருக்கும் சர்வரைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் புதிய சர்வரை எழுப்பி, சோதித்து, டிராஃபிக்கை அங்கே திருப்பிவிட்டு, பழையதைச் சில நாள் அப்படியே வைத்திருங்கள்.