பாதியில் நின்றுபோகும் புல்வெட்டி

மின்சாரப் புல்வெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பாதிப் புல்வெளி முடிவதற்குள் திடீரென்று நின்றுவிடும். சுவிட்சைத் தட்டிப் பார்த்தாலும் பிளக்கைப் பிடுங்கிச் செருகினாலும் அசையாது. கால்மணி நேரம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கேயும் ஒழுங்காக ஓடிக்காட்டி மானத்தை வாங்கும்.

பெரும்பாலும் இது பழுது இல்லை. மோட்டார் வெந்துபோகாமல் காப்பாற்ற உள்ளே வைத்திருக்கும் வெப்ப சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

மோட்டார் சுழலும்போது தானே ஒரு சின்ன ஜெனரேட்டராகவும் இருக்கிறது. வருகிற மின்னழுத்தத்துக்கு எதிராக அதுவும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அந்த எதிர்ப்புதான் மின்னோட்டத்தை அளவோடு வைத்திருக்கிறது. ஈரப்புல்லில் பிளேடு திணறி வேகம் குறைந்தால் எதிர்ப்பும் குறையும், மின்னோட்டம் ஏறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் மோட்டாருக்குள் இருக்கும் காயிலில், அதாவது கம்பிச்சுருளில், உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. போதாக்குறைக்கு, மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. காற்று அதிகம் வேண்டிய நேரம் பார்த்து அது மெதுவாகச் சுற்றும்.

காயிலை ஒட்டி இருக்கும் அந்த சுவிட்சுக்குள் ஒரு மெல்லிய தகடு. வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. குறிப்பிட்ட சூட்டில் அது 'டிக்' என்று மறுபக்கம் வளைந்து இணைப்பைத் துண்டித்துவிடும். திரும்பிச் சேர, துண்டித்த சூட்டைவிட நன்றாகவே கீழே இறங்க வேண்டும். விசிறியும் நின்றுவிட்டதால் அதற்கு நேரம் பிடிக்கிறது. சில வகை சுவிட்சுகள் ஆறியதும் தாமாகவே இணைந்துவிடும். அதனால் பிளக்கைப் பிடுங்காமல் பிளேடு பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது.

சரி, சூடு ஏன் ஏறுகிறது? வண்டியைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். அரைபட்ட புல் கெட்டியாக அப்பிக்கொண்டு பிளேடு சுற்றவே இடம் விடாமல் இருக்கும். அதைச் சுரண்டி, பிளேடைத் தீட்டினாலே பல வண்டிகள் திருந்திவிடும். முனை மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கிறது. மறுநாள் புல் நுனிகள் பழுப்பாக இருந்தால் அதுதான் அடையாளம்.

எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் குறைந்துபோகிறது என்று அதைப் பழி சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.75 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், நீளம் 30 மீட்டர். போகவர மின்தடை சுமார் 1.4 ஓம். 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 10 வோல்ட்தான், பரவாயில்லை. 120 வோல்ட் நாடுகளில் அதே வேலைக்கு 14 ஆம்பியர் வேண்டும். இழப்பு 20 வோல்ட்டை நெருங்கும். அங்கே தடித்த வயர் கட்டாயம். வயரை உருளையில் சுற்றியபடியே ஓட்டினால் அதன் சூடு வெளியேற வழியில்லாமல் உறையே உருகலாம்.

பேட்டரி வண்டிக்கும் இதே கதைதான். பாரம் ஏறினால் செல்களின் மின்னழுத்தம் சரியும். எல்லைக்குக் கீழே போனால் காவல் சர்க்யூட் அணைத்துவிடும். சார்ஜ் மிச்சம் இருந்தும் நிற்பது இதனால்தான்.

ஆறிய மோட்டாரே கிளம்ப மறுத்து, தட்டினால் மட்டும் ஓடினால் அது வேறு கதை. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லை கைப்பிடி சுவிட்சில் இணைப்பு தளர்ந்திருக்கும். அப்போது மெக்கானிக்கிடம் கொண்டுபோவதில் அர்த்தம் உண்டு.