முதல் வளைவு: கிரேஹவுண்ட் பந்தயம் உண்மையில் எங்கே நடக்கிறது?

1929-ல் லண்டன் வொயிட் சிட்டி மைதானத்தில் இங்கிலீஷ் கிரேஹவுண்ட் டெர்பி என்ற பெரிய நாய்ப் பந்தயத்தின் இறுதி ஓட்டம். கூண்டுக் கதவு திறந்து சில வினாடிகள்தான் ஆகியிருக்கும், முதல் வளைவிலேயே நாய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பந்தயம் செல்லாது என்று அறிவித்துவிட்டு மறுபடி ஓடவிட்டார்கள். இரண்டாவது ஓட்டத்தில் அயர்லாந்திலிருந்து வந்த மிக் தி மில்லர் ஜெயித்தது. அதே போட்டியின் தகுதிச் சுற்றில் 525 கஜத்தை 29.82 வினாடியில் முடித்திருந்தது. அந்தத் தூரத்தை 30 வினாடிக்குள் கடந்த முதல் நாய் அதுதான். 1930-லும் டெர்பி அதற்கே. 1931-லும் முதலாவதாகத்தான் வந்தது, ஆனால் வேறொரு நாய் ஓட்டத்தின் நடுவே பக்கத்து நாயோடு மல்லுக்கு நின்றதால் அந்த ஓட்டமும் செல்லாமல் போனது. மறு ஓட்டத்தில் செல்டம் லெட் என்ற நாய் கோப்பையைத் தட்டிச் சென்றது. களைத்துப்போயிருந்த மிக் தி மில்லர் பின்தங்கிவிட்டது.

மிக் தி மில்லரை வெறும் வேகத்துக்காக மட்டும் யாரும் கொண்டாடவில்லை. வளைவுக்குள் நுழையும்போது நெரிசலில் மாட்டாமல் இடைவெளி பார்த்து ஓடும் என்றுதான் பேசினார்கள். இந்த விளையாட்டின் வரலாற்றை எங்கே தொட்டாலும் கடைசியில் வளைவில்தான் வந்து நிற்கிறோம். ஆட்டத்தைப் பிழைக்க வைத்ததும் வளைவுதான், நாய்களின் காலை உடைப்பதும் வளைவுதான்.

இதைப் புரிந்துகொள்ள 1876-க்குப் போக வேண்டும். லண்டனுக்கு அருகே ஹெண்டனில், வெல்ஷ் ஹார்ப் என்ற இடத்தில், தண்டவாளம் மாதிரி ஒரு நீளமான தடம் போட்டு அதன்மேல் பொம்மை முயலைக் கயிற்றால் இழுத்து, பின்னால் கிரேஹவுண்டுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 400 கஜம், நேர்கோடு. கருவி சரியாகவே வேலை செய்தது, ஆனாலும் கூட்டம் சேரவில்லை, விஷயம் அப்படியே படுத்துவிட்டது. ஏன்? அதுவரை இருந்தது வயல்வெளியில் உயிருள்ள முயலை இரண்டு நாய்கள் துரத்தும் போட்டி. அதில் வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. முயலை எந்த நாய் திரும்ப வைக்கிறது, அது திரும்பும்போது எது சட்டென்று கூடவே திரும்புகிறது என்பதையும் நடுவர் கணக்கில் எடுப்பார். நேர்கோட்டில் அந்தத் திருப்பமே இல்லை. எது வேகமோ அது முன்னால் போகும், அவ்வளவுதான்; பார்ப்பவருக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

அப்புறம் அமெரிக்காவில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் இயந்திர முயலைப் பல வருடம் மெருகேற்றி, 1919-ல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் வட்டச் சுற்றுத் தடத்தில் ஓடவிட்டார். அந்த அமைப்பு இங்கிலாந்துக்கு வந்தது 1926 ஜூலை 24-ல், மான்செஸ்டர் பெல் வியூவில். முதல் நாள் வந்தவர்கள் சுமார் 1,700 பேர். முதல் ஓட்டத்தில் மிஸ்ட்லி என்ற நாய் ஜெயித்தது. சில வாரத்திலேயே கூட்டம் பல மடங்கானது, அடுத்த வருடமே லண்டனில் டெர்பி தொடங்கிவிட்டது. இயந்திரம் 50 வருடத்தில் மேம்பட்டது உண்மைதான், மின்சாரமும் வந்திருந்தது. ஆனால் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க வைத்தது வளைவு என்றுதான் நான் நினைக்கிறேன். பின்தங்கிய நாய் உள்பக்கம் இடம் கிடைத்து முந்தலாம், முன்னணியில் போகும் நாய் வெளிப்பக்கம் வீசப்பட்டு இடத்தை இழக்கலாம்.

சரி, வளைவில் உடம்புக்கு என்ன நடக்கிறது? மிக் தி மில்லரின் நேரத்தைக் கணக்குப் போட்டால் சராசரி வேகம் வினாடிக்கு 16 மீட்டர், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 58 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இறுக்கமான வளைவில் திரும்பும்போது கால்கள் உடல் எடையை மட்டும் தாங்கினால் போதாது, உடலைப் பக்கவாட்டில் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கவும் வேண்டும். நம் ஓட்ட வீரர்கள் வளைவில் வேகம் குறைவது இதனால்தான். கூடுதல் சுமையைத் தாங்க அவர்கள் பாதத்தைத் தரையில் சற்று அதிக நேரம் வைத்திருக்கிறார்கள்.

லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் அஷர்வுட், ஆலன் வில்சன் இருவரும் கிரேஹவுண்டுகள் வளைவில் ஓடுவதைப் படம்பிடித்து அளந்து, 2005-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். நாய்கள் வேகத்தைக் குறைக்கவில்லை, பாதம் தரையில் இருக்கும் நேரத்தையும் கூட்டவில்லை. கால் மீது விழும் விசை சுமார் 65 சதவீதம் கூடுகிறது, அதை அப்படியே தாங்கிக்கொண்டு ஓடுகின்றன. 30 கிலோ நாய் என்றால், வளைவில் இருக்கும் நேரம் முழுக்க அதன் கால்களுக்கு அது கிட்டத்தட்ட 50 கிலோ நாய்! அதெப்படி முடிகிறது என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் அழகானது. சைக்கிள் ஓட்டுபவரின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது, கால் தசை மிதிப்பதற்கு மட்டும்தான். அதுபோல கிரேஹவுண்டில் எடையைத் தாங்கும் வேலை ஒரு பக்கம், முன்னே தள்ளும் வேலை வேறு பக்கம். தள்ளும் சக்தி இடுப்பைச் சுற்றிய தசைகளிலிருந்தும், வில்லாக வளைந்து நிமிரும் முதுகிலிருந்தும் வருகிறது, கால்கள் தாங்குகின்றன. எடை கூடினாலும் தள்ளும் தசைகளுக்கு அது தடையாவதில்லை.

தசைக்கு எல்லை வரவில்லை, எலும்புக்கு வந்துவிடுகிறது. தடத்தில் எப்போதும் இடஞ்சுழியாகத்தான் ஓடுகிறார்கள், அதனால் வெளிப்பக்கம் இருக்கும் வலது பின்னங்காலில் சுமை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விழுகிறது. கணுக்கால் பகுதியில் உள்ள ஒரு சின்ன எலும்பு, மத்திய டார்சல் என்பது பெயர், அதுதான் அடிக்கடி நொறுங்குகிறது, பெரும்பாலும் வலது காலில்தான். பந்தய நாய்களின் இந்த எலும்பை ஸ்கேன் செய்து பார்த்தால் வலது பக்கத்து எலும்பு இடதைவிட அடர்த்தியாக இருக்கிறது. சுமைக்கு ஏற்றபடி எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறது. பழுது பார்க்கும் வேகத்தைவிடச் சிதையும் வேகம் அதிகமானால் ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் உடைந்துபோகிறது. நாய் தவறாகக் கால் வைத்ததால் வந்த விபத்தென்று இதைச் சொல்வதை ஏற்க முடியவில்லை, தடத்தின் வடிவமே இதை வரவழைக்கிறது.

இன்னொரு பக்கம் கண். கிரேஹவுண்ட் மோப்பத்தால் துரத்தும் நாய் இல்லை, பார்த்துத் துரத்துவது. இந்த மாதிரி நீண்ட முகமுள்ள நாய்களின் விழித்திரையில் நரம்புச் செல்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல நெருக்கமாக இருக்கும், அடிவானத்தில் எது அசைந்தாலும் தெரியும். தடத்தின் விளிம்புத் தண்டவாளத்தில் செயற்கை முயல் ஓடுகிறது. அதை இயக்குபவர் உயரத்தில் உட்கார்ந்து நாய்களைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். வெவ்வேறு கூண்டுகளிலிருந்து கிளம்பிய எல்லா நாய்களுக்கும் ஒரே இலக்கு, ஆகவே எல்லாம் அந்த விளிம்பை நோக்கியே சாய்கின்றன. அந்தச் சாய்வும் முதல் வளைவும் சேரும் இடத்தில், கூட்டம் இன்னும் கலையாமல் இருக்கும்போது, மோதல் நடக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2015-ல் உயிருள்ள விலங்குகளை வைத்து நாய்களைப் பழக்கிய கொடுமை தொலைக்காட்சியில் அம்பலமானது. 2016 ஜூலையில் நியூ சவுத் வேல்ஸ் அரசு பந்தயத்தையே தடை செய்யப்போவதாக அறிவித்தது, அக்டோபரில் பின்வாங்கியது. இதையொட்டிக் காயங்கள் பக்கமும் கவனம் திரும்பியது. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் காயங்கள் எங்கே நடக்கின்றன என்று ஆராய்ந்து சொன்ன யோசனைகள் மிக எளிமையானவை. எட்டு நாய்க்குப் பதில் ஆறு ஓடட்டும். முயலைத் தண்டவாளத்திலிருந்து கைபோல நீளும் ஒரு கம்பியில் தள்ளிவைத்தால் எல்லாம் விளிம்பில் குவியாது. நேர்த்தடத்திலிருந்து வளைவுக்குச் சட்டென்று மாறாமல், ரயில் பாதையில் செய்வதுபோல வளைவு கொஞ்சம் கொஞ்சமாக இறுகட்டும். முடிந்தால் நேர்த்தடத்திலேயே ஓட்டுங்கள். விக்டோரியா மாநிலத்தின் ஹீல்ஸ்வில்லில் அப்படி ஒரு நேர்த்தடம் இருக்கிறது.

இவை காயத்தைக் குறைக்கும், ஒழிக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கூட்டமாக ஓடினால் நேர்கோட்டிலும் இடிபடத்தான் செய்யும். சூதாட்டத்துக்காக அந்த ஆபத்தை நாய் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு நியாயமான பதில் கிடைக்கவில்லை. பல இடங்களில் மக்களும் அரசுகளும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் 2018-ல் வாக்கெடுப்பு நடத்தி 2020 கடைசியோடு பந்தயத்தை நிறுத்தினார்கள், 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசு நிறுத்தப்போவதாக அறிவித்தது, 2025 தொடக்கத்தில் வேல்ஸ் அரசும்.